உழைக்கிற உடம்புக்கு எதற்கு உடற்பயிற்சி?

எங்கள் தோழர் ஒருவர் 46 வயதில் இறந்தார். இருபது ஆண்டுகள் வன்கொடுமை வழக்குகளுக்காகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர். ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தார், மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழவே இல்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவருக்குச் சர்க்கரை 400க்கு மேல் இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கே தெரிந்திருக்காது.

இரங்கல் கூட்டத்தில் வழக்கம்போல வீரவணக்கம் முழங்கினோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். நின்றிருந்த பதினொரு பேரில் ஐந்து பேர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மற்ற ஆறு பேர் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள். எங்களில் மூத்தவரான பெரியப்பாவைத் தவிர யாருக்கும் ஐம்பது ஆகவில்லை.

இயக்க வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் டீ, மதியம் டீயும் வடையும், ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா. தூக்கம் பேருந்தில். கேட்டால் அண்ணல் அம்பேத்கரை உதாரணம் காட்டுவோம். அவர் விழித்திருந்து படித்த இரவுகளை மேடைதோறும் பேசுகிறோம். நீரிழிவாலும் நரம்பு வலியாலும் அவர் பட்ட பாட்டைப் பேசுவதில்லை. பௌத்தம் தழுவி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1956 டிசம்பர் 6 அன்று, 65 வயதில் போய்விட்டார். இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் என்று இன்றைக்கும் ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தையும் அந்த இரவுகளையும் சேர்த்து நாங்கள் யோசித்ததே இல்லை.

படத்திறப்புக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பதினான்கு பேர் கிளம்பினோம். ஐந்து கிலோமீட்டர் ஓடுவது என்று முடிவு. முதல் நாளே இரண்டு பேருக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் யாரும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை தொடங்கினோம். வராதவருக்கு இருபது ரூபாய் அபராதம் என்று வைத்தோம். ஒரு நாள் தவறியவர் அபராதத்துக்குப் பயந்து மறுநாளும் வரவில்லை, அதன் பிறகு வரவே இல்லை. 'நமக்கெல்லாம் சோம்பேறித்தனம் தோழர்' என்று எங்களை நாங்களே திட்டிக்கொண்டோம்.

அது முழு உண்மை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டாவது முறை நாங்கள் போனது ஊருக்குள் இருக்கும் அரசுப் பள்ளி மைதானத்துக்கு. எங்கள் காலனியில் மைதானம் கிடையாது. வீடுகள், தண்ணீர்த் தொட்டி, கம்பிக் கூண்டுக்குள் அண்ணல் சிலை, அதைத் தாண்டினால் வயல். மைதானத்துக்குப் போக ஊரின் பெரிய தெருவைக் கடக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருந்த இருவர் தினமும் கேட்பார்கள்: "காலங்காத்தால எங்கடா கூட்டமா கெளம்பிட்டீங்க?" கேட்டவருக்கு முப்பது வயதிருக்கும். 'டா' போடப்பட்ட எங்கள் பெரியப்பாவுக்கு 58. அவர்தான் முதலில் நின்றுபோனார். எங்களிடம் முழங்கால் வலி என்று சொன்னார்.

காலையில் எழுந்து நடக்க மனவுறுதி இருந்தால் போதும் என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்குத் தெரு என்பது ஒரு பிரச்சினையே இல்லை. 2023 நவம்பரில் அரசு மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் எங்களைப் போன்ற காலனிகளில் இருப்பவர்களுக்கு நடைபாதை வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

காலனிக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. எங்கள் அம்மாக்களும் அத்தைகளும் சிரித்தார்கள். "வெயில்ல காயாத ஒடம்புக்குத்தான்டா அதெல்லாம். நாள் முச்சூடும் கரும்பு வெட்டுறவளுக்கு எதுக்கு வாக்கிங்கு?" நியாயமான கேள்வி. பதில் தேடிப் படித்தோம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை இயக்குகிறவர்களுக்கு இதய நோயும் சாவும் குறைவாக இருந்தன. வேலையில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு இரண்டுமே அதிகமாக இருந்தன. வேலையில் எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இல்லை. குனிந்தபடியே வெட்டி, கட்டி, தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறோம். மணிக்கணக்கில் ரத்த அழுத்தம் ஏறியே இருக்கிறது, இறங்க இடைவெளி இல்லை. பயிற்சியில் மூச்சு வாங்கினால் நிற்கலாம்.

இதை வாசித்துக் காட்டியபோது அத்தை ஒருவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்போ இத்தினி வருசம் ஒழைச்சது எவனுக்கோதான், எனக்கில்ல." நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல முடியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். தலைமுறை தலைமுறையாக நம் உடம்பின் காலையை அடுத்தவன் வயல்தான் எடுத்துக்கொண்டது. அதில் அரை மணி நேரத்தை நமக்கென்று எடுத்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது முறை தொடங்கியவர்கள் பெண்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது காலை ஐந்து மணிக்கு. குடம் நிரப்பி வைத்துவிட்டு, அப்படியே வயல் வரப்போடு போகும் தார்ச்சாலையில் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வருவது. நைட்டி மேல் ஒரு துண்டு, அவ்வளவுதான் உடை. இருட்டில் கூட்டமாகப் போவது அவர்களுக்குப் புதிதில்லை. வீட்டில் கழிப்பறை வருவதற்கு முன்பு எத்தனை ஆண்டுகள் அப்படிப் போனவர்கள். நாங்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். அந்த முறைதான் நிலைத்தது.

நிலைத்ததற்குக் காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தண்ணீர் தினமும் வரும், ஆகவே எழுந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு புதியதைக் கட்டிவிட்டோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று இதையேதான் சொல்கிறது: தினமும் ஒரே சூழலில், ஒரே வேலையை ஒட்டிச் செய்தால் பழக்கம் பிடிக்கும். சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் எதுவும் கெட்டுவிடாது என்பதும் அதில் இருக்கிறது. அன்றோடு அபராதத்தை ஒழித்தோம். துக்கம், திருவிழா, வழக்கு, கரும்பு வெட்டு என்று போகிறவர்கள் திரும்பி வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதல் இரண்டு மாதம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. இப்போது அரை மணி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடம்பை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் வந்தாலே கணக்குச் சரியாகிவிடும். மழை பெய்தால் இரவுப் பள்ளிக் கொட்டகையில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. தோப்புக்கரணம் என்ற சொல்லை மட்டும் தவிர்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் எங்களில் பலர் அதை எதற்காகப் போட்டோம் என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு மழைக்காலத்தில் வயல் சாலை சேறானது. பெரிய தெரு மட்டும்தான் மிச்சம். அதைப் பற்றி ஒரு வாரம் விவாதித்தோம். பெரியப்பா அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். அவர் வாலிபத்தில் அந்தத் தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம். பொது இடத்தில் நாம் செருப்பு அணிவதைத் தடுத்தால் அது வன்கொடுமை என்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்தது. அப்படி ஒரு வரி எழுத வேண்டியிருந்த நாடு இது. நாங்கள் அந்தத் திருத்தத்தைப் பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறோம். எங்களோடு இருந்தவரின் கால்களை நினைத்ததில்லை.

அவருக்கு எழுநூறு ரூபாயில் ஒரு ஷூ வாங்கினோம். பெரிய தெருவில் நடந்தோம். கொடி இல்லை, கோஷம் இல்லை, பதினாறு பேர், அதில் ஒன்பது பெண்கள். முதல் வாரம் திண்ணைகளில் பேச்சு நின்றது. ஒருவர் மறித்துக் கேட்டார். "சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாருங்க" என்றார் ஒரு அக்கா, நிற்காமல். யாரையும் நிற்க விடக்கூடாது என்பதுதான் நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தது. ஒரு மாதத்தில் நாய்கள் பழகின. அதற்கும் பிறகுதான் மனிதர்கள்.

இதைச் சமத்துவம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கோயில் இருக்கும் தேரடித் தெருவுக்கு முன்பே இன்னும் திரும்பிவிடுகிறோம். இளைஞர்கள் அதையும் நடக்க வேண்டும் என்கிறார்கள், சில பெண்கள் பிள்ளைகளை நினைத்துத் தயங்குகிறார்கள். விவாதம் முடியவில்லை. ஒன்றரை ஆண்டாக நடையும் நிற்கவில்லை. ஐந்து பேர் மாத்திரை சாப்பிட்ட இடத்தில் இப்போது எட்டுப் பேர், ஏனென்றால் எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டோம். ஒளிந்திருந்த நோய் வெளியே தெரிவதும் ஆதாயம்தான்.

உங்கள் காலனியிலும் தொடங்குங்கள் தோழர்களே. ஓட வேண்டாம், அபராதம் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். முதலில் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். காலையில் உங்கள் தெரு எதற்காக எழுகிறதோ, அதோடு பதினைந்து நிமிடத்தைச் சேருங்கள். நம் வழக்குகள் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு இழுக்கின்றன. தீர்ப்பு வரும் நாளில் கூண்டுக்கு எதிரே நிற்க நாம் இருக்க வேண்டும்.

நாளைக்கும் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். பெரியப்பா ஷூவை வாசலிலேயே வைத்திருக்கிறார்.