கேட்பதற்கு முன் சொல்வோம்

உலை வைத்தாயா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாயா என்று எவரும் எம்மைத் தொலைபேசியில் கேட்பதில்லை. கேட்காமலே செய்கிறோம். ஆனால் சங்கம், குழு, வாழ்வாதாரத் திட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் ‘எவ்வளவு முடிந்தது?’ என்று ஒருவர் எம் பின்னால் திரிய வேண்டியிருக்கிறது. இது ஏன்?

சமூகவியல் படித்து முடித்த நாளிலிருந்து யாழ். குடாநாட்டில் பெண்கள் குழுக்களோடு பணிசெய்து வருகிறேன். ‘இவர்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஏற்பதில்லை. அதே பெண்கள் தமக்குள் சீட்டுப் பிடிக்கும்போது குறித்த நாளில் காசைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். தான் பிந்தினால் அடுத்த வீட்டு அக்காவின் காரியம் தடைப்படும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையோ எங்கோ இருக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போகிறது. அது எழுதியவளிடம் திரும்பி வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. போருக்குப் பின் எமது பெண்கள் நிரப்பிய படிவங்கள் கொஞ்சமல்ல. ஒரே கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்! மீண்டும் மீண்டும் கேட்கப்படும் எந்தக் கேள்வியும் அவர்களுக்கு விசாரணையாகவே படுகிறது. ‘வாற கிழமை முடிஞ்சிடும் மிஸ்’ என்ற பதில் பல வேளைகளில் அந்தக் கேள்வியிலிருந்து தப்பும் வழிதான்.

வடமராட்சி கிழக்கில் பனையோலைப் பெட்டி இழைக்கும் பதினொரு பெண்களின் குழுவொன்றில் இதற்கு மாற்று வழியைப் பார்த்தேன். சிலர் ஓலை வார்ந்து சாயம் போடுவார்கள், சிலர் இழைப்பார்கள், இருவர் விளிம்பு கட்டுவார்கள். ஒருவர் தாமதித்தால் மற்றவர் கை சும்மா இருக்கும். அவர்கள் ஒரு கரும்பலகையை மாட்டினார்கள். யார், எத்தனை பெட்டி, எந்த நாளுக்குள் என்பதை அவரவரே எழுதினார்கள். எழுதத் தெரியாதவர் தன் பெயருக்கு நேரே சாய ஓலை ஒன்றைச் செருகினார். ‘முடியாது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னவரை ஏன் என்று கேட்கக்கூடாது, யார் உதவலாம் என்று மட்டுமே கேட்க வேண்டும்’ என்பது அவர்கள் விதி. காணாமற்போன கணவரைத் தேடி விசாரணைக்குப் போகும் சகோதரி ஒருவர் அந்த நாளை முதலே பலகையில் குறித்தார். அவரது எட்டுப் பெட்டிகளை இருவர் பங்கிட்டு இழைத்தார்கள். ஓடர் நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. தலைவி எவர் வீட்டுக்கும் நடக்கவில்லை. எனக்கும் தொலைபேசி எடுக்கும் தேவை ஏற்படவில்லை.

இது புதிய முறையல்ல. 1959 இல் மும்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபா கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழிலில், பெண்கள் காலையில் மாவை வாங்கிச் சென்று வீட்டில் அப்பளம் இட்டு மறுநாள் ஒப்படைப்பார்கள். அது எடை பார்க்கப்பட்டு கூலி கிடைக்கும். ஒப்படைப்பதே அங்கு அறிக்கை. வேலைக்குள்ளேயே கணக்கும் இருப்பதால் தனியே கேட்க ஒருவர் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஒருவர் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற குழுப்பிணை, நுண்கடனில் எமது பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை அறிவோம். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அயலவளைக் காவற்காரியாக்குவது கூட்டுப் பொறுப்பல்ல. கடனுக்காக ஒருத்தியின் வாசலில் பத்துப்பேர் போய் நிற்பது ஒன்று. அவளது சுமையில் இருவர் பங்கெடுப்பது வேறொன்று.

ஆகவே சகோதரிகளே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு பலகையை அல்லது கொப்பியை நடுவில் வையுங்கள். எடுத்த வேலையையும் நாளையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். தடை வந்தால் அன்றே சொல்லுங்கள். சொன்னவளைக் குறை கூறாதீர்கள். உத்தியோகத்தர் மாறலாம், திட்டம் முடியலாம், நிதியும் நிற்கலாம். ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லப் பழகிய குழு அதன் பிறகும் நிற்கும்.