வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு...

சேமிப்பு நன்று, கடன் தீது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவ்விரண்டும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் குடியிருந்தால் என்ன நேரும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதை எங்கள் குடும்பம் பட்டுத்தான் அறிந்தது.

2017-ஆம் ஆண்டு எங்கள் மூத்த மகன் கல்லூரியில் சேர்ந்தான். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 60,000 ரூபாய் குறைந்தது. வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருந்தது. எனினும் அது இளைய மகளின் திருமணத்திற்கென்று ஒதுக்கிய பணம். அதன்மீது கை வைக்கலாகாது என்று இருவரும் ஒரே மனத்தோடு முடிவு செய்தோம். கடைத்தெருவில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. இரண்டு ரூபாய்தானே என்று எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

மாதந்தோறும் 1,200 ரூபாய் வீட்டைவிட்டு வெளியேறியது. பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் தவணை சொன்னோமே தவிர, வட்டிக்குத் தவணை சொன்னதில்லை. இரண்டு ஆண்டுகளில் 28,800 ரூபாய் கட்டிய பின்பும் அசலில் ஒரு காசும் குறையவில்லை. மகனின் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் நெருங்கியபோது, வீட்டில் பேச்சுக் குறைந்து பெருமூச்சு மிகுந்தது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று பிள்ளையே கேட்டுவிட்டான். அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை, மேல்நிலை வகுப்பில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் குறிப்பேட்டுடன் வந்து அமர்ந்தாள்.

“வங்கி நமக்கு எத்தனை வட்டி தருகிறது, அப்பா?”

“ஆண்டுக்கு ஏழு விழுக்காடு.”

“நாம் வெளியே கொடுப்பது?”

“இரண்டு ரூபாய் வட்டி, அம்மா.”

“மாதத்திற்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு அல்லவா? நம்முடைய பணத்தை ஏழுக்குக் கொடுத்துவிட்டு, பிறர் பணத்தை இருபத்து நான்குக்கு வாங்குகிறோமே!”

எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. அவள் எழுதிக் காட்டினாள். வைப்பில் இருக்கும் 60,000 ரூபாய் ஆண்டுக்கு 4,200 ரூபாய் ஈட்டுகிறது. கடனாக வாங்கிய 60,000 ரூபாய் 14,400 ரூபாயைக் கொண்டு போகிறது. ஆண்டுதோறும் 10,200 ரூபாய் நட்டம். ‘மாதம்’ என்ற சொல்லும் ‘ஆண்டு’ என்ற சொல்லும் அந்த நட்டத்தை எங்கள் கண்ணுக்கு மறைத்திருந்தன.

“என் கல்யாணப் பணத்தை எடுத்து அடைத்துவிடுங்கள். வட்டிக்குப் போகும் 1,200 ரூபாயை என் பெயரில் போட்டு வாருங்கள். போதும்” என்றாள்.

அவ்வாறே செய்தோம். முதிர்வுக்கு முன் எடுத்தமையால் வங்கி வட்டியில் சிறிது குறைத்தது. அது பெரிய இழப்பன்று. கடனை அடைத்து, எஞ்சிய 40,000 ரூபாயை ஆபத்துக் காலத்திற்கென்று மீண்டும் வங்கியில் வைத்தோம். அஞ்சலகத்தில் மாதம் 1,200 ரூபாய்க்கு ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கினோம்.

2020-இல் ஊரடங்கு வந்து வருமானம் நின்றபோது, அந்த 40,000 ரூபாயே எங்கள் அடுப்பை எரிய வைத்தது. கடன் அடைந்த மகிழ்ச்சியில் கையிருப்பு முழுவதையும் துடைத்திருந்தால், மீண்டும் அதே கடைவாசலில் நின்றிருப்போம். 2024-இல் அஞ்சலகக் கணக்கு முதிர்ந்தது. நாங்கள் கட்டியதே 72,000 ரூபாய், வட்டி தனி. மகளிடமிருந்து எடுத்ததை அதற்கு மேலாகவே திருப்பிக் கொடுத்துவிட்டோம். வட்டி நின்றது என்று அந்த 1,200 ரூபாயைச் செலவிட்டிருந்தால், அவள் பணத்தை நாங்கள் தின்றவர்களாயிருப்போம்.

இன்று கடன் அலைபேசி வழியே வீட்டிற்குள் வருகிறது. கணக்கும் புதுவேடம் பூண்டுள்ளது. 60,000 ரூபாய்க்கு ‘ஆண்டுக்கு 12 விழுக்காடு’ என்று சொல்லி, மாதம் 5,600 ரூபாயாகப் பன்னிரண்டு தவணை கேட்பார்கள். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 60,000 ரூபாய்க்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 21½ விழுக்காடு.

ஆகவே கடன் வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் சேமிப்பு ஈட்டும் வட்டியையும் கடன் கேட்கும் வட்டியையும் ஆண்டுக் கணக்காக்கி அருகருகே எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஒரு பள்ளிச் சிறுமி வேண்டியிருந்தது.