காசிமேட்டு மீன்ல புழு இருந்தா தூக்கிப் போடணுமா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் காசிமேடு ஜேஜேன்னு ஆகிவிடும். ராயபுரம் பக்கமிருந்து உள்ளே நுழைந்ததுமே டீசல் வாடையும் மீன் வாடையும் சேர்ந்து வரும். ஐஸ் கட்டி உடைக்கும் சத்தத்துக்கு மேலே ஏலக் குரல் கேட்கும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால் எல்லாம் ஏலத்தில் போகும். கானாங்கெளுத்தியும் வாளையும் கூறு கூறாகத் தரையில் கிடக்கும்.

நான் போய் நின்றது மீன் வெட்டும் அக்காக்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில். சென்னையில் அதிகம் மீன் வயிற்றைத் திறந்து பார்ப்பவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். வாளையின் வயிற்றைக் கீறியதும் உள்ளே வெள்ளையாக, கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டு ஏதோ கிடந்தது. மீன் வாங்கியவர் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா, கெட்டுப்போன மீனா?" அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. "கெட்ட மீன் வேற, புழு இருக்கிற மீன் வேற சார்" என்று குடலோடு வழித்துப் போட்டார்.

அந்த ஒரு வரியில் விஷயம் பாதி முடிந்துவிட்டது. அழுகிய பொருளில் ஈ முட்டையிட்டு வரும் புழு வேறு. இது மீன் உயிரோடு நீந்தும்போதே உள்ளே வாழும் ஒட்டுண்ணி. நேற்றுப் பிடித்த ஃப்ரெஷ் மீனிலும் இருக்கும். இது தெரியாமல் வாடிக்கையாளர் மீனைத் திருப்பிக் கொடுத்தால், தரையில் கூறு போட்டு விற்கும் பெண்ணுக்கு அன்றைய லாபமே போய்விடும்.

சுருண்டு கிடக்கும் அந்த ரகத்தில் முக்கியமானது அனிசாகிஸ். இந்தியக் கடல்களில் பிடிபடும் வாளையில் இது பதிவாகியிருக்கிறது. இதன் வாழ்க்கை ஒரு பெரிய பயணம். வளர்ந்த புழு இருப்பது திமிங்கிலம், டால்பின் வயிற்றில். முட்டை கடலில் விழும். கூனி மாதிரி சின்ன உயிர்கள் அந்தக் குஞ்சுப்புழுவைத் தின்னும், அவற்றை மீனும் கடம்பாவும் தின்னும், மீனை மறுபடி டால்பின் தின்னும். மனிதன் இந்த வரிசையிலேயே இல்லை. பச்சை மீன் தின்று நடுவில் மாட்டிக்கொள்பவன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தலையில் துளைக்கும் சின்னப் பல் தெரியும். எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல மரபணு வரை போக வேண்டும்.

கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கினால் சில சமயம் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பார்க்கக் கரப்பான் குட்டி மாதிரி இருக்கும், ஆனால் இறால் வகையறா. பெயர் நோரிலேகா இண்டிகா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும், கங்காருபோல வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும். மீனுக்குத்தான் தொல்லை, நமக்கில்லை.

தமிழ்க் கடலில் புழு தேடியது புதுசும் இல்லை. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளை ஆராய 1902-ல் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வந்தார், கூடவே ஜேம்ஸ் ஹார்னெல். சிப்பிக்குள் புகுந்த நாடாப்புழுக் குஞ்சுதான் முத்தின் கரு, அது வளர்வது திருக்கை வயிற்றில் என்று நம்பினார்கள். அதைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சாக்கில் ஏகப்பட்ட புழுக்களுக்குப் பெயர் கிடைத்தது. ஹார்னெல் பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே தலைவரானார்.

சரி, சாப்பிடலாமா? கொதிக்கும் குழம்பில் புழு பிழைக்காது. மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும் என்கிறது அமெரிக்க உணவுத் துறை. பயம் பச்சை மீனுக்குத்தான். நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீன் சாப்பிட்டவர்களுக்கு வயிற்று வலி வந்து, 1960-களில் அந்த மீனை உறைய வைக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். சென்னையில் இப்போது சுஷி மோகம் இருக்கிறது. காசிமேட்டு மீனை வாங்கி வீட்டில் ட்ரை பண்ண நினைப்பவர்கள் கவனிக்கவும்: எலுமிச்சையோ வினிகரோ இந்தப் புழுவைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும், வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது. சிலருக்கு, அரிதாக, செத்த புழுவே அலர்ஜி தரும். மீன் சாப்பிட்டதும் தடிப்பு வந்தால் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. மீன் செத்தபிறகு இந்தப் புழுக்கள் குடலிலிருந்து சதைக்கு நகரக்கூடும். பல நாள் கடலில் இருந்து வரும் விசைப்படகு மீன் ஐஸில் சரியாக இருந்ததா என்று பாருங்கள். வீட்டுக்குப் போய் ஆய்ந்துகொள்ளலாம் என்று பையில் போட்டுக் கிளம்பாமல், அந்த அக்காவிடமே உட்கார்ந்து குடலை எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வயிற்றோரச் சதையைக் கொஞ்சம் தாராளமாகவே சீவச் சொல்லலாம்.