அறுபதாவது நிமிடம்

கணினியில் கால்பந்து என்றதும் பொத்தானைத் தட்டிப் பந்தை உதைக்கும் விளையாட்டு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஃபுட்பால் மேனேஜரில் நாம் பந்தைத் தொடவே முடியாது. அதில் நமக்குப் பயிற்சியாளர் வேலை. யாரை எடுப்பது, எங்கே நிறுத்துவது, யாரை பெஞ்சில் உட்காரவைப்பது, வருத்தத்தோடு வருபவரிடம் என்ன சொல்வது என்று முடிவெடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். 1992இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் இங்கிலாந்தில் தொடங்கிய வரிசை இது. இதை ஆடுபவர்களுக்கு இதற்குள்ளேயே இன்னொரு விளையாட்டு உண்டு. நிஜப் பயிற்சியாளர் ஒருவரின் ஆட்டமுறையை எடுத்து அதை அப்படியே இதற்குள் கட்டிப் பார்ப்பார்கள். குவார்டியோலா, க்ளோப், மொரீன்யோ என்று நீளும் அந்தப் பட்டியல் ஏறக்குறைய முழுக்க ஆண்களுடையது.

நான் சரினா வீக்மனை எடுத்துக்கொண்டேன்.

வீக்மன் நெதர்லாந்துக்காரர். சிறுமிகளுக்கு அணி இல்லாத காலத்தில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடியவர். உடற்கல்வி ஆசிரியையாகவும் வேலை பார்த்தவர். 2017இல் நெதர்லாந்துக்கும், 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கும் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தார். இவற்றில் 2022ஆம் ஆண்டு அணியைத்தான் நான் கட்ட விரும்பினேன்.

அந்த அணியின் வரைபடம் எளிமையானது. பின்னால் நால்வர், அவர்களுக்கு முன்னால் கெய்ரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே என்று இருவர். வலப்பக்க ஓரத்தில் பெத் மீட், இடப்பக்க ஓரத்தில் லாரன் ஹெம்ப், நடுவில் ஃப்ரான் கிர்பி, முன்னால் எலன் வைட். நாலு-இரண்டு-மூன்று-ஒன்று என்பார்கள். இதைத் திரையில் வரைய ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தக் கோப்பையின் விசேஷம் வரைபடத்தில் இல்லை. ஆறு ஆட்டங்களிலும் வீக்மன் அதே பதினொரு பேரைத்தான் தொடக்கத்தில் இறக்கினார். மற்றவர்கள் ஆறு முறையும் பெஞ்சில் இருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள்தான் கோப்பையை முடித்துக் கொடுத்தார்கள். அலெஸ்ஸியா ருஸ்ஸோ நான்கு கோல் அடித்தார். நான்கும் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து அடித்தவை. ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதியில் தோற்கும் நிலையில் இருந்தபோது, 84ஆவது நிமிடத்தில் சமன் செய்தவர் பெஞ்சிலிருந்து வந்த எல்லா டூன். வெம்ப்ளியில் 87,192 பேர் பார்த்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து அடித்த இரண்டு கோல்களும் பெஞ்சிலிருந்து வந்தவர்களுடையவை. ஒன்று டூன் அடித்தது. இன்னொன்று, கூடுதல் நேரத்தில் 110ஆவது நிமிடத்தில், க்ளோயி கெல்லி அடித்தது.

2023இல் வந்த பதிப்பில் நான் இதை முதலில் முயன்றேன். அப்போது அந்த விளையாட்டில் பெண்கள் அணியே கிடையாது. பயிற்சியாளர் பெண் என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆட ஒரு பெண்ணும் இல்லை. ஆகவே இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவு ஒன்றில் ஒரு சின்ன ஆண்கள் அணியை எடுத்து, வீக்மனின் வரைபடத்தைப் போட்டு, அவரைப் போலவே பதினொரு பேரை மாற்றாமல் வைத்தேன். சில வாரங்களில், களைப்பைக் காட்டும் சிறிய இதயக்குறி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச வந்தார்கள்.

"அம்மா, இவன் கோவமா இருக்கான் பாரும்மா. அடுத்த மேட்ச்ல எடுக்குறேன்னு சும்மா சொல்லி அனுப்பிடு," என்றாள் பக்கத்திலிருந்த மகள்.

சும்மா சொல்லி அனுப்ப முடியாதபடி அந்த விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். ஆட்டக்காரருக்குக் கொடுத்த வாக்கை அது குறித்துவைத்துக்கொள்ளும். காப்பாற்றாவிட்டால் அவர் மனம் கசக்கும். அவரோடு நெருக்கமாக இருப்பவர்களுக்கும் அந்தக் கசப்பு பரவும். ஒப்பந்தத்தில், இவர் எவ்வளவு நேரம் ஆடுவார் என்று எழுதும் இடம் ஒன்றும் உண்டு. முக்கிய ஆட்டக்காரர், வழக்கமாகத் தொடங்குபவர் என்று அதில் படிநிலைகள். அவற்றில் ஒன்று இம்பாக்ட் சப்: பிற்பாதியில் இறங்கி ஆட்டத்தின் போக்கை மாற்ற வேண்டியவர். இரண்டு முன்கள ஆட்டக்காரர்களை அந்தப் படியில் எழுதி, ஒவ்வோர் ஆட்டத்திலும் அறுபதாவது நிமிடம் தவறாமல் இறக்கினேன். அணி ஒன்றும் கோப்பை வாங்கிவிடவில்லை. அந்த இருவரும் பிறகு பேச வரவில்லை, அவ்வளவுதான்.

வீக்மனிடம் ஆடியவர்கள் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: அவர் ஒளிக்காமல் பேசுவார், உன் வேலை என்ன என்று தெளிவாகச் சொல்லிவிடுவார். இதையும் ஆட்டமுறையின் பகுதியாகவே நான் பார்க்கிறேன். தன் நேரம் வரும் என்று தெரிந்து உட்கார்ந்திருப்பவள் முதல் ஒரு மணி நேரமும் ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். தெரியாமல் உட்கார்ந்திருப்பவள் பயிற்சியாளரின் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பாள்.

தமிழ் இலக்கியம் நடத்துபவளுக்குக் காத்திருத்தல் பழகிய பொருள். முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். பிரிந்து போனவன் வரும்வரை ஆற்றியிருக்கும் அவளுடைய பொறுமையைக் கற்பு என்று புகழ்ந்தே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் நான் மாணவிகளிடம் பருவத்தைப் பார்க்கச் சொல்வேன். கார்காலத்தில் திரும்புவேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்தச் சொல் இருப்பதால்தான் மழை வந்தும் அவன் வராதபோது அவளால் கேட்க முடிகிறது. நாள் குறிக்காமல் காக்கவைத்தால் கேட்பதற்கும் ஒன்றும் இருக்காது.

பெண்கள் கால்பந்தின் வரலாறு அப்படி நாள் குறிக்காத காத்திருப்பு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக், கெர் லேடீஸ் அணி ஆடியதை 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் உறுப்பு அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை செய்தது. ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. கணினி விளையாட்டிலும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் கால்பந்தைச் சேர்க்கப்போவதாக 2021இல் அறிவித்தார்கள். அது வரவேண்டிய பதிப்பு 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. கடைசியில் 2025 நவம்பரில் வந்தது.

என் காத்திருப்பு இவற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் "இந்த வருஷம் பார்க்கலாம்மா" என்பார்கள். இல்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். பார்க்கலாம் என்ற சொல் இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

தெளிவாகச் சொல்லிவிட்டால் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள் என்றும் இல்லை. 2022இல் ஆறு ஆட்டங்களிலும் தொடங்கிய ஃப்ரான் கிர்பிக்கு 2025 கோப்பைக்கான அணியில் இடமில்லை என்று முன்னதாகவே தெரிவிக்கப்பட்டது. அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வை அறிவித்துவிட்டுப் போனார். வலித்திருக்கும். ஆனால் போகும் நாளைத் தானே தேர்ந்தெடுக்க அவருக்கு முடிந்தது. உண்மையைச் சொல்வது காத்திருப்பவளைச் சமாதானப்படுத்துவதற்கான உபாயம் ஆகாது. இருப்பதா போவதா என்ற முடிவை அவள் கையில் கொடுப்பதற்காகத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

புதிய பதிப்பில் ஆர்சனல் பெண்கள் அணியை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது வேறோர் அமைப்பு என்று இப்போது தனித்தனியாக வரைய முடிகிறது. வீக்மனின் அணியைக் கட்ட இது வசதி. 2022இல் பெஞ்சிலிருந்து வந்த ருஸ்ஸோ இங்கே என் முதல் ஸ்டிரைக்கர். அவருக்குப் பின்னால் உட்கார இன்னொருத்தியை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் படியை எழுதலாமே தவிர, எந்த நிமிடத்தில் இறக்குவேன் என்று அவளிடம் சொல்ல இதில் வழியில்லை. அதனால் லாப்டாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ஆட்டம் தொடங்கும் முன்பே நிமிடத்தை எழுதிவைக்கிறேன். "அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதேம்மா" என்று மகள் சிரிக்கிறாள்.

இப்போது எங்கள் துறையின் கால அட்டவணையைப் போடுவது என் வேலை. மூன்று கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மூவரும் பெண்கள். நிரந்தரப் பணி பற்றி எதுவும் என் கையில் இல்லை என்பதை முதல் வாரமே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் யாருக்கு எந்தத் தாள், எத்தனை மணி நேரம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். போன ஜூனில் அதை வாங்கிப் படித்த ஒருவர், இந்த மணி நேரம் தனக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். நன்றாகப் பாடம் நடத்துபவர். துறைக்கு அது இழப்புதான்.