உறையிடாத ஓரடி

கடற்கரையூரில் வாழ்வோர்க்குப் புழுக்கம் புதிதன்று. ஆயினும், எண்பத்திரண்டு வயதான உம்மா இரவெல்லாம் விசிறியும் கையுமாய் உறக்கமின்றி அமர்ந்திருப்பதைக் காணப் பொறாமல், 2022ஆம் ஆண்டுக் கோடையில் அவர்களின் அறைக்கு ஏ.சி. பொருத்தினேன். அரபியில் இதனை 'முகய்யிஃப்' என்பர். 'எப்படி' என்று வினவும் 'கைஃப'வும் இதுவும் ஒரே வேரின. பொருத்த வந்தவர்களிடம் நான் ஒருமுறையேனும் 'எப்படி' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு மாதங்கள் சென்றன. "சுவரு வேர்க்குது மவனே" என்றார்கள் உம்மா. முதுமையின் பேச்சென்று எண்ணி வாளாவிருந்தேன். ஒருநாள் சுவர் அலமாரியைத் திறந்தேன். வாப்பா 1958இல் தம் கையால் அரபுத் தமிழில் எழுதிவைத்த பாடக் குறிப்பேடு நனைந்து ஊறிக் கிடந்தது. நீல மை கரைந்து, வரிகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன.

வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன். இளைஞர். வெளிப்பெட்டிக்கும் உட்பெட்டிக்கும் இடையே தடித்ததும் மெலிந்ததுமாய் இரு செப்புக்குழாய்கள் ஓடுகின்றன. இவ்வகை ஏ.சி.யில் பெரும்பாலும் வெளிப்பெட்டியிலேயே அழுத்தம் குறைந்துவிடுவதால், குளிரூட்டும்போது இரண்டுமே குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனி உறை வேண்டும். முன்பு வந்தவர்களோ இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்திருந்தனர். சுவருக்குள் இணைப்பிருந்த ஓரடி நீளத்தை உறையே இன்றி விட்டு, மேலே பூசி மறைத்துவிட்டனர்.

"குழாயில் ஓட்டையா தம்பி?" என்றேன்.

"இல்லை ஹஜ்ரத். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே நீர் துளிர்க்கிறதே, டம்ளரில் ஓட்டையா இருக்கிறது?" என்றார்.

உண்மைதான். காற்று 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால், ஏறத்தாழ 27 பாகைக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளின் மீதும் நீர் அரும்பும். குழாயோ அதனினும் மிகக் குளிர்ந்தது. உறை குளிரைக் காப்பதற்கு மட்டுமே என்றிருந்தேன். ஈரக்காற்று குழாயைத் தீண்டாமல் தடுப்பதும் அதன் பணியே.

அவர் இணைப்பில் சோப்பு நுரை பூசிக் கசிவில்லை எனத் தெளிந்தார். பின்னர் 13 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரை ரப்பர் உறையை நீளவாக்கில் கீறி ஒவ்வொரு குழாய்க்கும் அணிவித்து, பிளவையும் முனைகளையும் பசையால் அடைத்தார். நாடாவை இறுக்கிச் சுற்றவில்லை. இறுக்கினால் உறை நசுங்கிப் பயன் குன்றுமாம். வெளிச்சுவரில் கீழிருந்து மேலாகச் சுற்றினார். ஓட்டின்மேல் ஓடு படிவதுபோல் மடிப்புகள் அமைய, மழைநீர் உட்புகாது வழிந்துவிடும். வெயில் ரப்பரை அரித்துவிடும் என்பதால் அம்மேலுறை இன்றியமையாதது.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் இவ்வேலை நடக்கையில், சுவரைப் பூசுமுன் இணைப்பிடத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பூசியபின் அது வேலை செய்தவரின் நேர்மைக்கு விடப்பட்ட அமானிதம்.

குறிப்பேட்டை ஏடு ஏடாய் நிழலில் உலர்த்தினேன். பதினொரு பக்கங்கள் அழிந்திருந்தன. வாப்பாவிடம் ஓதியதை நினைவிற்கொண்டு எட்டுப் பக்கங்களை மீண்டும் எழுதிவிட்டேன். எஞ்சிய மூன்றில் என்ன இருந்ததென்று உம்மாவிடம் கேட்டேன். "நீதானே மவனே ஓதினே" என்றார்கள்.

அம்மூன்று தாள்களையும் வெறுமையாகவே சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன்.