ஏற்றமும் இறக்கமும்

இலத்தூரிலிருந்து புனலூர்த் திருமண வீட்டுக்கு ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. நம் சகோதரி மகன் தன் டீசல் பிக்கப்பின் பின்னே அந்தச் சக்கர வண்டியைப் பூட்டினான். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாகனம். "மாமா, கிளட்ச் மிதிக்கும் வேலையே இல்லை" என்று பெருமிதம் கொண்டான். நாமும் உடன் ஏறினோம்.

புளியரை தாண்டி மலையேற்றத்தில் வண்டி முனகாமல் ஏறிற்று. இத்தகைய வாகனத்தில் எஞ்சினின் வலுவைக் கியர்ப்பெட்டிக்குக் கடத்துவது எண்ணெய். பாரம் மிகுந்து வேகம் குறைந்தால் அது சூடேறும். ஆரியங்காவில் எஞ்சினை அணைக்காமலே நிறுத்தி ஆறவிட்டான். அதுவரை பையன் கெட்டிக்காரன்தான்!

கழுதுருட்டி நோக்கி இறங்குகையில்தான் சோதனை வந்தது. பின்னால் வந்த பாரம் நம்மைத் தள்ளியது. கியரோ தானாக மேலேறிக்கொண்டது. பையன் பிரேக்கை மிதித்தபடியே இருந்தான்; கருகல் நாற்றம் எழுந்தது. மிதி மெத்தென்று தாழ்ந்தது. கியரைக் கையால் மாற்றும் நிலைக்குத் தள்ளி, படிப்படியாக இரண்டாம் கியருக்கு இறக்கிய பின்னரே எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது.

இம்மலையில் 1904 முதல் 2010 வரை ஓடிய மீட்டர் பாதை இரயில்களின் பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டியிருப்பார்கள். ஏற்றத்தில் தள்ளுவதற்கு மட்டுமே அது என்று இளமையில் எண்ணியிருந்தோம்.

வாகனம் ஏறுகையில் ஓதும் துஆவில் 'முக்ரினீன்' என்றொரு சொல் வருகிறது. அடக்கியாள வல்லவர் என்பது பொருள். எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்துவரும் சொல்.

மறுநாள் திரும்புகையில், ஏற்றம் தொடங்குமுன்னரே பையன் கேட்டான்: "மாமா, புளியரை இறக்கம் எந்த வளைவில் தொடங்குகிறது?"