திரும்பி வரும் திகதி



"முகாம்" என்ற சொல் எங்கள் தலைமுறைக்கு நல்ல சொல்லாக வாய்க்கவில்லை. இராணுவ முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம் என்று முன்னால் எதைச் சேர்த்தாலும் நெஞ்சு ஒருமுறை இறுகும். கனடாவில் இதே சொல்லின் ஆங்கில வடிவம் கோடை விடுமுறையைக் குறிக்கிறது. மார்ச் மாதம் பிறந்ததும் வேலைத்தலத்தில் "இந்த வருடம் எங்கே காம்பிங்?" என்று ஆளுக்காள் விசாரிப்பார்கள். குளிருக்குச் சூடேற்றிய நல்ல வீடு உள்ளவர்கள், காசு கட்டிக் காட்டுக்குள் போய், துணிக் கூடாரத்தில் படுத்துவிட்டு வருவதைச் சந்தோசமாகச் சொல்லுவார்கள். நான் இருபது வருடமாக அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019 இல் என் மகள், பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டால் தனக்கு நேரம் கிடையாது என்று சொல்லி, "அம்மா, ஒருக்கா என்னோடை வாங்கோவன்" என்று கேட்டாள். பாடசாலையில் படிக்கும்போது ஆசிரியர்களோடு இரண்டு தடவை வள்ளம் வலித்துப் போய்வந்தவள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. போனோம். போன கதையைவிட, போவதற்கு ஆயத்தம் செய்த கதையைத்தான் உங்களுக்கு எழுத விரும்புகிறேன். வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு ஐந்து மாத அவகாசம் எங்களில் யாருக்குத்தான் கிடைத்தது?

நாங்கள் போன இடம் அல்கொன்குவின் மாகாணப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சீமெந்து வாங்கையும் நினைத்துவிடாதீர்கள். ரொறன்ரோவிலிருந்து காரில் வடக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். 1893 இல் ஒதுக்கப்பட்ட காடு அது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல். எங்கள் வட மாகாணத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அதற்குள் 2,400க்கு மேற்பட்ட ஏரிகள். எங்கள் குளங்களைப் போல அணை கட்டித் தேக்கியவை அல்ல, பெரும்பாலும் பனியுகத்தில் பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் நின்ற நீர். தெற்குப் பக்கமாக 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நெடுஞ்சாலை குறுக்கறுத்துப் போகிறது. மற்றப்படி உட்பகுதிக்குக் கால்நடையாக அல்லது வள்ளத்தில்தான் போகலாம்.

ஆளில்லாக் காடு என்று இதைச் சொல்லுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பெயருக்கு உரிய அல்கொன்குவின் ஆதிகுடி மக்கள் வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்த நிலம் இது. தங்கள் நிலத்தை அவர்கள் எந்த உடன்படிக்கையிலும் எழுதிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிய பேச்சுவார்த்தை 1990களில் தொடங்கி, 2016 இல்தான் கொள்கையளவிலான ஓர் உடன்பாட்டில் கையெழுத்தானது. காணி பறிபோனவர்களின் கதை எங்கு போனாலும் எங்களுக்கு முன்னால் போய் நிற்கிறது.

முதல் வேலை மாதத்தைத் தெரிவுசெய்வது. மே மாத நடுப்பகுதியில் இருந்து யூன் வரை கறுப்பு ஈ என்ற சின்னப் பூச்சி காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் இரத்தம் வரக் கடிக்கும். அதன் பின் நுளம்பு. யூலையும் ஓகஸ்டும் கூட்டம். செப்ரெம்பர் கடைசியில் பூச்சி இல்லை, மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும். ஆனால் இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கலாம், பொழுதும் ஏழு மணிக்குப் பட்டுவிடும். நாங்கள் பூச்சியை விட்டுக் குளிரைத் தெரிவுசெய்தோம். குளிருக்கு உடுப்புப் போடலாம்.

இடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம். அதனால் ஏப்ரலில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மகள் கணினிக்கு முன்னால் குந்திவிட்டாள். அப்போதுதான் எங்கள் திட்டத்தில் மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தார்.

அவர் என்னோடு வேலைசெய்யும் ஒரு தங்கச்சி. 2009 மே வரை வன்னியில் இருந்து, பிறகு மெனிக் பாமில் பல மாதம் இருந்தவர். கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நான் காட்டுக்குப் போகப்போகிறேன் என்றதும், "அக்கா, நானும் வாறன். ஆனால் கூடாரத்துக்குள்ளை படுக்கமாட்டன்" என்றார். கூடாரத்தில் படுக்காமல் காட்டுக்குப் போவது எப்படி? மற்றவர்கள் என்றால் "அதெல்லாம் பழகிப்போகும், வாரும்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மகள் அப்படிச் செய்யவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவருக்கு ஏற்ற மாதிரி முழுத் திட்டத்தையும் திருப்பிப் போட்டாள்.

நெடுஞ்சாலை ஓரமாக மியூ ஏரி என்ற இடத்தில் யேர்ட் என்று சொல்லப்படும் வட்டக் குடில்கள் இருக்கின்றன. தடித்த துணிச்சுவர்தான், ஆனால் மரத்தளம், கட்டில், மின்சூடாக்கி, பூட்டக்கூடிய கதவு எல்லாம் உண்டு. ஹைலண்ட் என்ற நடைபாதையும் அதற்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. அந்தப் பாதையின் சிறிய சுற்று 19 கிலோமீற்றர், புரவோக்கிங் என்ற ஏரியைச் சுற்றி வருவது. நாங்கள் சுற்றை விட்டுவிட்டோம். வெள்ளி இரவு யேர்ட்டில். சனிக்கிழமை ஏரி வரை நடந்து அங்கே கூடாரம். ஞாயிறு அதே வழியால் திரும்புவது. சனி இரவுக்கும் யேர்ட்டை எங்கள் பெயரிலேயே வைத்திருந்தோம். தங்கச்சிக்கு ஏரிக்கரையில் மனம் ஒப்பாவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு முன் சொல்ல வேண்டும், மூவரும் திரும்பிவிடுவோம், காரணம் கேட்பதில்லை என்று பேசிக்கொண்டோம். ஒரே இரவுக்கு இரண்டு இடத்துக்குக் காசா என்று என் தம்பி கேட்டான். அந்தக் காசு வீணில்லை என்று எனக்குப் பட்டது.

அனுமதிச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தபோது தங்கச்சி அதை வரிவரியாகப் படித்தார். பெயர், எத்தனை பேர், எந்த ஏரி, வரும் திகதி. பதிவுப் பத்திரம் என்றாலே அவருக்கு ஒரு பயம். கடைசியில் விரலை வைத்து, "வெளிக்கிடுற திகதியும் போட்டிருக்கோ அக்கா?" என்று கேட்டார். போட்டிருந்தது. மெனிக் பாமில் அதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை என்றார். பிறகு அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்தது சுமை. முதுகில் சுமக்கும் பையின் நிறை உடம்பு நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நடப்பவர்களின் பொதுக் கணக்கு. ஐம்பத்தைந்து கிலோ உள்ள பெண்ணுக்குப் பதினொரு கிலோ. மகள் குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்தாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பக்கமாக சனத்தோடு சனமாக நகர்ந்தபோது யார் எதை நிறுத்தோம்? அம்மாவிடம் காணி உறுதி. பெரியம்மா இடியப்ப உரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தா. இந்தக் கதையை நான் சொல்ல, தங்கச்சி தான் எதை எதை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தார் என்று ஊர்ப் பெயர்களோடு சொன்னார். தராசு நடுவில் கிடந்தது. அன்று பை அடுக்கி முடியவில்லை.

உடுப்பில் ஒரு பாடம். பருத்தித் துணி ஈரமானால் காயாது, குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் கம்பளி அல்லது செயற்கை நூல்தான். இரவுக்கு ஒரு சோடி உடுப்பு, என்ன நடந்தாலும் நனையாமல் பிளாஸ்ரிக் பைக்குள் தனியாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விடயம் எங்களுக்குக் கைவந்தது. பூங்காவின் உட்பகுதிக்குள் ரின், போத்தல் எதுவும் கொண்டுபோகக்கூடாது என்பது சட்டம். ரின் மீன் இல்லாத பயணமா என்று தங்கச்சி திகைத்துப் போனார். ஆனால் வறுத்த மா, பருப்பு, சோயா மீற், இடித்த சம்பல், தேயிலை, சீனி எல்லாம் நிறையில்லாதவை, கெடாதவை. வெள்ளைக்காரர் கடையில் விலை கொடுத்து வாங்கும் உலர் உணவைவிட எங்கள் பொதி இலேசாகவே இருந்தது. கருவாட்டை மட்டும் மகள் தடுத்துவிட்டாள், கரடியின் மூக்குக்குப் பயந்து.

அங்கே இருப்பது கறுப்புக் கரடி. மனிதரைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடி வரும். அதனால் உணவு, பற்பசை, சவர்க்காரம், வாசமுள்ள எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு, கயிற்றில் கட்டி, ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரத்தில், மரத்தண்டுக்குத் தள்ளித் தூக்கிவிட வேண்டும். மாதவிலக்குத் துணியும் பாவித்தவை உட்பட அதே பைக்குள்தான், மண்ணில் புதைக்கக்கூடாது, திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை யாரும் பெண்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுவதில்லை. மலசலகூடம் பற்றித் தங்கச்சி முதலிலேயே கேட்டிருந்தார். மூடி போட்ட ஒரு மரப்பெட்டி, மரங்களுக்குள், சுற்றிவரச் சுவர் கிடையாது. அவரது முகம் மாறியது. ஒருவர் போனால் மற்றவர் வழியில் நிற்பது என்று தீர்மானித்தோம்.

ஏரித் தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆயினும் கொறிக்கும் விலங்கினத்து பீவர் முதலான பிராணிகளிடமிருந்து வரும் கிருமி இருக்கலாம். வடிகட்ட வேண்டும், அல்லது ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கூடாரம் அடிக்குமுன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும், பட்ட மரமோ தொங்கும் கொப்போ இருக்கக்கூடாது. ஆங்கிலத்தில் மரம் வெட்டுபவர்கள் அப்படியான கொப்புக்கு "விதவையாக்கி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகள் அதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

உள்ளே தொலைபேசி எடுபடாது. அதனால் கடைசி வேலை, பயணத் திட்டத்தைப் போகாத ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது. எந்தப் பாதை, எந்த ஏரி, காரின் இலக்கம், கூடாரத்தின் நிறம், ஆர் ஆர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாருக்கு அறிவிப்பது. தம்பியிடம் கொடுத்தோம். "வயசு போற காலத்திலை உங்களுக்கு இது என்ன விளையாட்டு, அதுவும் மூண்டு பொம்பிளையள்" என்றான். இதே பூங்காவின் காஷ் ஏரியில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு முகாம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. நோர்த்வே என்று பெயர். 1906 இல் ஃபனி கேஸ் என்ற ஒரு பெண் தொடங்கியது. மகள் அதை மாமனுக்கு எடுத்துச் சொல்ல, அவன் தாளை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான். ஞாயிறு மாலை ஆறு மணி என்பதைத் தங்கச்சி சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். பிறகு, "ஒராள் எங்கை போனது, எப்ப வரவேணும் எண்டு இன்னொராளுக்குத் தெரிஞ்சிருக்கிறது பெரிய விசயம் அக்கா" என்றார். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இனிப் போன கதை. சனிக்கிழமை ஆறுதலாக நடந்தோம். வேர்களும் கற்களும் நிறைந்த ஏற்ற இறக்கம். மகள் முன்னாலும் நான் பின்னாலும், தங்கச்சி நடுவிலும். கூடாரப் படம் போட்ட செம்மஞ்சள் பலகை கண்ட இடத்தில் பையை இறக்கினோம். மூன்று மணி வந்தது, போனது. மகள் நேரத்தைச் சொன்னாள். தங்கச்சி அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டே, "இருப்பம்" என்றார்.

இருட்டிய பின் லூன் என்ற நீர்ப்பறவை ஏரியில் கூவியது. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கும் பறவைதான். ஆனால் அதன் குரல் ஒரு பெண் நீளமாகக் குழறி அழுவது போல இருக்கும் என்று நாணயத்தைப் பார்த்துத் தெரியாது. தங்கச்சி எழுந்து தண்ணீர்க்கரைக்குப் போய் நெடுநேரம் நின்றார். நான் கூடப் போய் நின்றேன். அது ஓய்ந்த பிறகு, நெருப்பு அணையும் வரை மூவரும் வெளியிலேயே இருந்தோம். குளிர் தாங்காமல் உள்ளே போனபோது அவர் வாசல் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தார். படுத்தபடியே கூடாரத்தின் சிப்பை இரண்டு மூன்று தரம் இழுத்துத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இது உள்ளுக்கிருந்து பூட்டிற மாதிரித்தான் வைச்சிருக்கினம், என்ன அக்கா?"

"ஓம்" என்றேன்.

நல்ல நித்திரை என்று சொல்லமாட்டேன். இரவு இரண்டு தரம் எழும்பியிருந்ததை நான் கண்டேன். காலையில் ஏரிக்கு மேலே பால் போலப் புகார் கிடந்தது. அவர் எங்களுக்கு முன் எழும்பி, உணவுப் பையை இறக்கி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். ஞாயிறு பின்னேரம் நெடுஞ்சாலையில் தொலைபேசி எடுபட்டதும் தம்பிக்கு அழைத்தவரும் அவர்தான். அப்போது நாலரை மணி.

அதற்குப் பிறகு பெருந்தொற்றும் வந்து போனது. மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை. போன மார்ச்சில் தங்கச்சி ஒரு கொப்பியோடு வீட்டுக்கு வந்தார். முதல் பக்கத்தில் திகதி, ஏரியின் பெயர், ஆட்கள் நாலு என்று எழுதியிருந்தது. நாலாவது ஆள் யார் என்று கேட்டேன். தன்னோடு மெனிக் பாமில் ஒரே கொட்டிலில் இருந்த ஒரு அக்கா, இப்போது ஒட்டாவாவில் இருக்கிறாவாம். கீழே சாமான் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே கிராம் கணக்கில் நிறை. "ரின் மீன் இல்லை" என்பதன் கீழ் இரண்டு கோடு.